பிள்ளை எடுத்த முடிவுகள் எத்தனை?

ஒரு மாம்பழப் படத்திலிருந்து தொடங்குவோம். ஜெராக்ஸ் எடுத்த தாள். நடுவில் தடித்த கோட்டில் ஒரு மாம்பழம், காம்பில் ஒரு இலை. "பழத்துக்கு மஞ்சள், இலைக்குப் பச்சை, கோட்டைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் பாய்களுக்கு நடுவே நடந்து வருகிறார். இருபத்தைந்து பிள்ளைகள் குனிந்து தேய்க்கிறார்கள். அரை மணி நேரம் வகுப்பில் சத்தமே இல்லை.

அந்த அரை மணியில் ஒரு பிள்ளை தானாக எடுத்த முடிவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எதை வரைவது என்பதை டீச்சர் முடிவு செய்துவிட்டார். எவ்வளவு பெரிது, தாளில் எந்த இடம், பழம் தொங்குகிறதா கிடக்கிறதா என்பதெல்லாம் அச்சிலேயே முடிவாகிவிட்டது. நிறமும் டீச்சருடையது. வேலை எப்போது முடிந்தது என்று சொல்வதும் அவரே. கிரேயானை அழுத்துவதா மெல்ல உரசுவதா என்ற ஒன்று மட்டும் பிள்ளைக்கு மிஞ்சுகிறது.

இன்னொரு நாள் உண்மையான மாம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து பாயின் நடுவே வையுங்கள். கைமாறிப் போகட்டும். முகரட்டும். காம்பில் பால் பிசுபிசுக்கிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். பிறகு நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுங்கள், கொட்டையையும் காட்டுங்கள். அதன்பின் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கொட்டையின் நாரை மட்டும் கோடுகோடாக இழுக்கும். ஒரு பிள்ளை மரத்தை வரையும். பழத்தில் ஊர்ந்த எறும்பு இன்னொன்றின் தாள் முழுக்க நிற்கும். ஊரிலிருந்து மாம்பழம் கொண்டுவரும் தாத்தாவை ஒரு பிள்ளை வரையக்கூடும். இப்போது எண்ணினால் ஒவ்வொரு தாளிலும் பத்துப் பதினைந்து முடிவுகள் தேறும்.

படைப்பாற்றல் என்பது பெரிய சொல். ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா மேடை எல்லாம் அதனோடு ஒட்டிக்கொண்டு நினைவுக்கு வருகின்றன. இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் எல்.கே.ஜி. ஆசிரியருக்கும் அந்தச் சொல்லால் பெரிய உதவி இல்லை. அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். எந்தச் செயலைத் திட்டமிட்டாலும் முதல் நாளே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் பிள்ளை எடுக்கப்போகும் முடிவுகள் எத்தனை? ஒன்றோ இரண்டோ என்றால், செயலைத் தூக்கிப்போட வேண்டாம். எங்கே ஒரு முடிவை உங்கள் கையிலிருந்து அவர்கள் கைக்கு மாற்றலாம் என்று தேடுங்கள். வெட்டிவைத்த வட்டங்களை ஒட்டச் சொல்வதற்குப் பதில் தாளைக் கிழிக்கச் சொன்னாலே வடிவம் பிள்ளையுடையதாகிவிடும்.

வண்ணம் தீட்டும் தாள் விஷம் என்று நான் சொல்லவில்லை. கோட்டுக்குள் நிற்கக் கை பழகும் என்பது உண்மை. ஆனால் அதே பழக்கம் களிமண் பிசைவதிலும், பாசி கோப்பதிலும், பட்டாணி உரிப்பதிலும் வருகிறது. கைப் பயிற்சிக்காக வாரத்துக்கு ஒரு தாள் போதும். தினமும் அதுவே என்றால், தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோதான் சொல்வார்கள் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது. ஐந்து வயதில் பதிந்த அந்தப் பாடத்தைப் பத்து வயதில் அழிப்பது மிகவும் கடினம்.

மாதிரியை எடுத்து வையுங்கள்

பயிற்சி வகுப்பு நடத்தத் தொடங்கிய காலத்தில் நானே இந்தத் தவறைச் செய்தேன். காகிதத் தட்டில் முக்கோணம் வெட்டி, அதையே வாலாக ஒட்டி, ஒரு மீன் செய்து காட்டினேன். ஆசிரியர்கள் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார்கள். சில வாரம் கழித்து மையங்களுக்குப் போனபோது சுவர்களில் அதே மீன், அதே பக்கம் திரும்பி, அதே இடத்தில் கண். ஆசிரியர்கள் என்னைப் பார்த்துச் செய்தார்கள். பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்துச் செய்தார்கள். அந்தச் சுவர்களைப் பார்த்துத்தான் பயிற்சி கொடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

செய்து காட்டுவது எப்போதும் தவறா என்றால், இல்லை. கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, தூரிகையை எப்படி அலசுவது, பசையை எவ்வளவு தொடுவது இவற்றைக் காட்டித்தான் ஆக வேண்டும். கருவியைக் காட்டுங்கள், முடிந்த பொருளைக் காட்டாதீர்கள். அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டுகிறது. ஒளிந்திருக்கும் பல வேலைகள் கொண்ட பொம்மை ஒன்றைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஓரிடத்தில் இழுத்தால் சத்தம் வரும், வேறிடத்தில் விளக்கு எரியும், இன்னோரிடத்தில் பாட்டு, ஒரு குழாய்க்குள் கண்ணாடி. சில பிள்ளைகளிடம் பெரியவர் ஒருவர், இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும் என்று சத்தம் வரும் பகுதியைக் கற்பித்துவிட்டுக் கொடுத்தார். அப்படிக் கற்பிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தையே திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். மற்ற வேலைகளைக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். கற்பிக்கப்படாத பிள்ளைகள் அதிகம் துழாவினார்கள். டீச்சர் காட்டியது ஒன்று என்றால் உள்ளே இருப்பதும் அந்த ஒன்றுதான் என்று பிள்ளை நியாயமாகவே நினைக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டும்.

மாதிரி இல்லாமல் தாளைக் கொடுத்த முதல் நாள் ஒரு பிள்ளையாவது வந்து நிற்கும். "எனக்கு யானை வரையத் தெரியாது, நீங்க வரைஞ்சு குடுங்க டீச்சர்." இங்கேதான் பலரும் இரக்கப்பட்டு வரைந்து கொடுத்துவிடுகிறோம். கொடுக்காதீர்கள்; பிள்ளையைத் தனியே விட்டுவிடவும் வேண்டாம். "யானைன்னா உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். "தும்பிக்கை." "தும்பிக்கை எப்படி இருக்கும், கையால காட்டு பாப்போம்." கை நீண்டு வளையும். "அதே மாதிரி தாள்ல கையை ஓட்டு." அவ்வளவுதான். வந்தது யானை மாதிரி இல்லாவிட்டாலும் தும்பிக்கையின் வளைவு அந்தக் கையிலிருந்து வந்தது. நாளைக்கு அது காதைத் தேடும்.

மூன்று நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மனிதரை ஒரு வட்டமாகவும், வட்டத்திலிருந்து நேராகத் தொங்கும் இரண்டு கால்களாகவும் வரைவார்கள். தலைப்பிரட்டை போல இருக்கும். உலகின் பல பகுதிகளிலும் பிள்ளைகள் இப்படித்தான் மனிதரை வரையத் தொடங்குகிறார்கள். "உடம்பு எங்கடா?" என்று கேட்டுத் திருத்த வேண்டியதில்லை. உடம்பு தானாக வரும். அதற்குமுன் அந்த வட்டத்துக்குள் கண் வந்த நாளையும், காலுக்கு விரல்கள் முளைத்த நாளையும் தேதி போட்டுக் குறித்து வைத்தால் போதும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

பிரிட்டனைச் சேர்ந்த சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இடத்தில் எடுத்து, நகர்த்தி, அடுக்கி, கலைக்கக்கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு வகையாகக் கிடைக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே இருப்பவர்கள் புதிதாக எதையாவது செய்வார்கள் என்பது அவர் கருத்து. கட்டடத்தையும் பூங்காவையும் வடிவமைக்கும் பெரியவர்களே எல்லா இன்பத்தையும் அனுபவித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு முடிந்த பொருளை மட்டும் கொடுக்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. நுங்கு தின்றபின் கோந்தையில் வண்டி, தென்னங்கீற்றில் காத்தாடி, கொட்டாங்குச்சியில் கூட்டாஞ்சோறு, மணலில் வீடு என்று உதிரிப் பொருளிலேயே வளர்ந்த ஊர் இது. அந்தப் பொருள்கள் தெருவிலிருந்து போய்விட்டன. வகுப்பறைக்குள் நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. காசு வேண்டாம், சேகரிக்கும் பழக்கம் வேண்டும்.

கொட்டாங்குச்சி (ஓரம் தேய்த்தது), சோளத் தக்கை, புளியங்கொட்டை, வேலிக்காத்தான் இல்லாத சுள்ளி, கூழாங்கல், நூல் சுற்றிய வெறும் கட்டைகள், தையல்காரரிடம் கிடைக்கும் துண்டுத் துணி, மூடிகள், அட்டைப் பெட்டி, பழைய சேலை. பட்டியலில் கடைசியில் வந்தாலும் சேலைக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். ஒரு பழைய சேலை இருந்தால் அது ஆறு, மேகம், பந்தல், தூளி, பஸ் எல்லாமாக ஆகிவிடும். சொப்புச் சாமான் செட்டில் உள்ள பிளாஸ்டிக் தோசைக்கல் தோசைக்கல்லாக மட்டுமே இருக்கும். தட்டையான கல் தோசைக்கல்லாகவும் இருக்கும், போனாகவும் இருக்கும், ஆமையாகவும் இருக்கும். தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள். குவியலைப் பார்த்தால் பிள்ளை வாரி இறைக்கும். வகைக்கொரு முறம் அல்லது தட்டு, எட்டும் உயரத்தில், திறந்தபடி. எடுத்த இடத்தில் திருப்பி வைப்பதும் விளையாட்டின் பகுதி என்று முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

இங்கே சற்று நின்று எச்சரிக்க வேண்டும். அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைப் பாசிகோக்கக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. குன்றிமணிக்குள் இருப்பது கடும் நஞ்சு. தோல் உடைந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் அரளிக் கொட்டை, ஆமணக்கு விதை, காட்டாமணக்கு, ஊமத்தங்காய் இவையும் வகுப்புக்குள் வரவே கூடாது. பிள்ளைகள் வழியில் பொறுக்கிக்கொண்டு வருவதையும் வாசலிலேயே ஒருமுறை பாருங்கள். சிவப்பு விதைதான் வேண்டும் என்றால் பெரிய பிள்ளைகளுக்கு, பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது, மஞ்சாடி கொடுக்கலாம். ஆனால் மஞ்சாடி முழுச் சிவப்பு, கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருக்கும் அறையில் புளியங்கொட்டை, கொண்டைக்கடலை, கோலி எதுவுமே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த எதையும் அந்த வயதுக்குத் தராதீர்கள். பேட்டரி போடும் பொம்மை உடைந்து வந்தால் உள்ளே சின்ன வட்ட பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துத் தனியே அகற்றிவிடுங்கள்.

எல்லாப் பொருளிலும் களிமண்ணுக்கு நிகர் இல்லை. ஏனென்றால் களிமண்ணில் செய்த முடிவை மாற்றிக்கொள்ளலாம். தாளில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. மண் யானை பிடிக்கவில்லை என்றால் ஒரே அமுக்கில் மீண்டும் உருண்டை. தவறு என்பதே இல்லாத பொருள் அது. ஊர்க் குளத்திலிருந்தோ குயவரிடமிருந்தோ மண் கொண்டுவாருங்கள். கல்லும் கண்ணாடித் துண்டும் இருக்கிறதா என்று கையால் சலித்து, தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். ஈரத்துணியில் சுற்றிப் பானைக்குள் வைத்தால் பல நாள் கெடாது. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆரஞ்சுப் பழ அளவு கொடுங்கள். பல வகுப்புகளில் நெல்லிக்காய் அளவுதான் கொடுக்கிறார்கள். அதில் பாம்பும் உருண்டையும் தவிர வேறு எதுவும் வராது. பிறகு பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று குறை சொல்கிறோம். முதல் இரண்டு மூன்று நாள் அவர்கள் எதையும் செய்ய மாட்டார்கள். குத்துவார்கள், அறைவார்கள், விரலை நுழைப்பார்கள், பிய்ப்பார்கள். அதைக் கெடுக்காதீர்கள். மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் மண்ணில் எதையும் செய்ய முடியாது.

வண்ணம் கடையில் வாங்குவதற்கு முன் சமையலறையைப் பாருங்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள் தூள், பீட்ரூட் அரைத்த சாறு, கீரைச் சாறு, காபி டிகாக்‌ஷன், அடுப்புக்கரி. மஞ்சள் பூசிக் காயவைத்த தாளில் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைப் பஞ்சால் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். சங்குப்பூவை நீங்கள் வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டால் நீல நீர் கிடைக்கும். எலுமிச்சை விழுந்தால் ஊதாவாகும், சோடா விழுந்தால் பச்சை பக்கம் போகும். இதை மேஜிக் போல மேலே நின்று செய்து காட்டினால் வகுப்பு கைதட்டும், அதோடு முடிந்துவிடும். மூன்று கிண்ணம், மூன்று பஞ்சு, ஒரு தாள் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஓடுவார். உங்களிடம் ஓடிவருவதைவிட அது நல்லது. வேப்பங்குச்சியின் நுனியை மென்றோ நசுக்கியோ விட்டால் நல்ல தூரிகை. ஈர்க்கு மட்டும் வேண்டாம், கண்ணில் குத்தும்.

"சூப்பர்" என்று சொல்வதற்கு முன்

பொருளை விட முக்கியமானது நம் வாய். ஒரு பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறது. நாம் பார்க்கிறோமா இல்லையா என்பதற்குமுன் "சூப்பர்!" வந்துவிடுகிறது. கூடவே கையில் ஒரு ஸ்டார். அன்பால்தான் செய்கிறோம். ஆனால் 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் வரைய மிகவும் பிடித்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் அதே பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியளவே வரைந்தார்கள். பிடித்த விளையாட்டுக்குக் கூலி கொடுத்தால், கூலி இல்லாத நாளில் அது வேலையாகிவிடுகிறது.

அப்படியானால் என்ன சொல்வது? பார்த்ததைச் சொல்லுங்கள். "நீலம் இந்த ஓரம் வரைக்கும் போயிருக்கே." "இங்க கோடு சின்னச் சின்னதா இருக்கு, அங்க பெருசா இருக்கு." "இந்த மூடி கீழ விழாம எப்படி நிக்குது?" இப்படிச் சொல்ல நாம் உண்மையில் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கு அதுதான் வேண்டும். "இது என்ன?" என்று கேட்பதை மட்டும் தவிருங்கள். எதையும் வரைய நினைக்காமல் கையை ஓட்டிய பிள்ளை, டீச்சர் கேட்கிறாரே என்று அவசரமாக "வீடு" என்று ஒரு பெயர் கட்டிவிடும். "இதைப் பத்திச் சொல்றியா?" என்று கேட்டால் விரும்பினால் சொல்லும், இல்லாவிட்டால் ஓடிவிடும், இரண்டும் சரி.

கேட்டபின் பொறுத்திருங்கள். அமெரிக்காவில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் அந்த மூன்று நொடி மிக நீளமாகத் தோன்றும். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளைக்கும், திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தியோ ஒடியாவோ பேசிக்கொண்டு வந்து சேரும் பிள்ளைக்கும் ஐந்தாறு நொடிகள் வேண்டும். அது தன் மொழிச் சொல்லையே சொன்னால் அதையே நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.

பிள்ளை சொல்ல, டீச்சர் எழுத

இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு செயலை மட்டும் நாளையே தொடங்குங்கள் என்றால், இதைச் சொல்வேன். சிகாகோவில் பல ஆண்டுகள் மழலையர் வகுப்பு நடத்திய விவியன் கஸின் பேலி வளர்த்த முறை இது. பிள்ளை கதை சொல்லும்; டீச்சர் எழுதிக்கொள்வார்; அன்றே வகுப்பு அதை நடிக்கும். வெறுமனே எழுதிக்கொண்டபோது சிலர்தான் கதை சொல்ல வந்தார்கள் என்றும், நடிக்கத் தொடங்கியபின் எல்லோரும் வரிசையில் நின்றார்கள் என்றும் பேலி எழுதியிருக்கிறார்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிறு விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்காருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை, வரிசையாக. யார் முறை என்பதைச் சுவரில் எழுதிவிட்டால் சண்டை இல்லை. ஒரு கதைக்கு ஒரு பக்கம்தான். பிள்ளை சொல்வதை அது சொன்ன மாதிரியே எழுதுங்கள். "ஒரு நாய் இருந்துச்சு. அதுக்குப் பசிச்சுச்சு. சத்துமாவு சாப்பிட்டுச்சு. அப்பறம் மழை வந்துச்சு. நாய் பஸ்ல ஏறிடுச்சு." இதை "நாய் பேருந்தில் ஏறிவிட்டது" என்று மாற்றாதீர்கள். அந்தச் சொற்கள் அதனுடையவை. தன் பேச்சு அப்படியே தாளில் நிற்பதைப் பார்ப்பதுதான் எழுத்தின் மீது பிள்ளைக்கு வரும் முதல் ஆசை. எழுதியதை விரல் வைத்து வாசித்துக் காட்டுங்கள். "சரியா இருக்கா?" என்று கேளுங்கள். "இல்ல, நாய் ரெண்டு வாட்டி சாப்பிட்டுச்சு" என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவே பிள்ளை செய்யும் முதல் திருத்தம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய சதுரம் போடுங்கள், அதுதான் மேடை. எல்லோரும் சுற்றி உட்காரட்டும். கதை சொன்ன பிள்ளை எந்த வேடம் என்று முதலில் தேர்ந்தெடுக்கும். நாயாக இருக்கலாம், மழையாகவும் இருக்கலாம், பஸ்ஸாகவும் இருக்கலாம். மற்ற வேடங்களை உட்கார்ந்திருக்கும் வரிசையில் கொடுங்கள். நீங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் வாசிக்க வாசிக்க அவர்கள் நடிப்பார்கள். மூன்று நிமிடம் ஆகும். ஒரே விதி: அடிக்கிற மாதிரி நடிக்கலாம், கை படக்கூடாது. எந்த உடையும் முகமூடியும் வேண்டாம். மழை எப்படி வரும் என்று ஒரு பிள்ளை விரல்களை உதிர்த்தபடி சதுரத்தைச் சுற்றி நடந்தபோது, அதுவரை வாயே திறக்காத இன்னொரு பிள்ளை எழுந்து போய் அதன் பின்னால் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே கதையை ஒரு பிள்ளை வாரக்கணக்கில் சொல்லும். டிவியில் வரும் கார்ட்டூன் வீரனே எல்லாக் கதையிலும் வருவான். தடுக்க வேண்டாம். "அவன் ராத்திரி எங்க தூங்குவான்?" என்று ஒரு கேள்வி போட்டுவிட்டு விடுங்கள், இரண்டாவது வாரத்தில் வீரனுக்குப் பாட்டி வந்துவிடுவாள். கதையில் யாராவது அப்பாவை அடித்தால், யாராவது செத்துப்போனால், திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று மெல்ல விசாரியுங்கள்.

பாட்டிலும் இதே வழி உண்டு. பழகிய பாட்டில் ஒரு சொல்லை மட்டும் காலியாக விட்டு, யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று விட்டால் போதும்.

நேரம், அம்மாக்கள், சுவர்

"எல்லாம் சரிதான், எங்க நேரம் இருக்கு?" என்று அங்கன்வாடிப் பணியாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், போனில் விவரம் ஏற்ற வேண்டும், சமையலும் சாப்பாடும் இருக்கிறது. தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவப் பாடத்திட்டத்துக்கு "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்றுதான் பெயர். அந்தப் பெயருக்கு நேரம் கொடுக்க முடியாத அளவுக்கு மற்ற வேலைகள் குவிந்திருக்கின்றன. என் ஆலோசனை: வாரத்தில் இரண்டு நாள், இடைவிடாத நாற்பத்தைந்து நிமிடம் மட்டும் முதலில் காத்துக்கொள்ளுங்கள். மூன்று பாய் விரியுங்கள். ஒன்றில் உதிரிப் பொருள், ஒன்றில் களிமண், ஒன்றில் அன்றைய புதிய செயல். முதல் இரண்டும் ஒரு வாரத்தில் தானாக ஓடப் பழகிவிடும். உதவியாளர் அக்கா களிமண் பாயில் உட்காரட்டும். பல மையங்களில் அவர்தான் இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர். இரண்டரை வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருப்பதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். சின்னது பெரியதைப் பார்க்கிறது, பெரியது சின்னதற்குச் சொல்லிக்கொடுக்கிறது. வயது பிரித்த எல்.கே.ஜி. வகுப்புக்கு இந்த வசதி இல்லை.

அம்மாக்கள் வாசலில் கேட்பார்கள்: "இன்னிக்கு என்ன எழுதினான்?" நோட்டில் சாய்கோடு இல்லை என்றால் வருத்தப்படுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் அது. விளக்கம் சொல்வதைவிட, பிள்ளையை அழைத்துப்போக வரும் நேரத்தில் பாயில் களிமண்ணை வைத்துவிடுங்கள். அம்மாவும் கொஞ்சம் பிசைந்து பார்க்கட்டும். ஐந்து நிமிடத்தில் விரல் வலிக்கும். "பென்சில் பிடிக்க இந்த வலுதான் வேணும்" என்று அப்போது சொன்னால் புரியும்.

படத்தின் அடியில் பிள்ளை சொன்னதைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். இப்படி எழுதி வைக்கும் பள்ளிகள் தோன்றிய கதை ஒன்று உண்டு. இத்தாலியின் ரெஜியோ எமிலியா பகுதியில் 1945இல், போர் முடிந்த சில நாள்களில், ஜெர்மன் படை விட்டுச் சென்ற டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் ஒரு கிராமத்து மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். கல்வியாளர் லோரிஸ் மலகுஸ்ஸி அங்கே போய்ச் சேர்ந்து, பிறகு ரெஜியோ எமிலியா நகரத்துப் பள்ளிகளை உருவாக்கினார். பிள்ளைகள் செய்ததோடு சொன்னதையும் எழுதிச் சுவரில் வைப்பது அந்தப் பள்ளிகளின் அன்றாட வேலை. வண்ணக் கிறுக்கலாகத் தெரிந்த தாளின் கீழ் "இது எங்க ஆத்தா கோழி துரத்துறது" என்று இருந்தால் எந்த அம்மாவும் அதைத் தூக்கிப்போட மாட்டார்.

சுவரில் எல்லோருடையதையும் ஒட்டுங்கள், பிள்ளையின் கண் உயரத்தில். நல்லதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதை ஒட்டலாம் என்று பிள்ளையிடமே கேட்டால் அதுவும் ஒரு முடிவு.

கடைசியாக ஒன்று. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒரு பருவம் உண்டு. தெருவில் சிறுமிகள் மணல் வீடு கட்டி விளையாடுவார்கள். அவற்றைக் காலால் சிதைக்க வரும் சின்னவனிடம், கலைத்துவிடாதே என்று கெஞ்சுவார்கள். கையால் கூட்டிய மணல் வீட்டுக்காக ஒரு முழுப் பருவமே பாடியிருக்கிறது தமிழ். நம் வகுப்பில் மணி அடித்ததும் "எல்லாம் எடுத்து வைங்க" என்று சொல்லி அடுக்கியதைக் கலைப்பது நாம்தான். அறையின் ஒரு மூலையில், கால் படாத இடத்தில், சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முடியாத வேலை அந்தக் கோட்டுக்குள் இருக்கலாம், மறுநாள் வரை, வேண்டுமானால் வாரம் முடியும் வரை. பிள்ளையின் பெயரை ஒரு அட்டையில் எழுதி நிறுத்துங்கள். களிமண் என்றால் மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள். காலையில் கூட்டிப் பெருக்க வரும் அக்காவிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.